பூனைக்குச் சோறு போடுவது வீண் விரயமா?



போன மாதம் பெண்கள் வகுப்பு முடிந்ததும் ஒரு சகோதரி துண்டுச் சீட்டு ஒன்றைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பெயர் எழுதவில்லை. நான்கு மாதமாக அவருடைய வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. வீட்டில் பிள்ளைகள் வளர்க்கும் பூனை ஒன்று இருக்கிறது. "மனுசனுக்கே வழியில்ல, பூனைக்கு மீன் கேக்குதோ" என்று சொந்தத்திலும் அக்கம்பக்கத்திலும் பேசுகிறார்களாம். பூனைக்குச் சோறு போடுவது இஸ்ராஃப் ஆகுமா, மறுமையில் கேள்வி வருமா என்று கேட்டிருக்கிறார்.

இந்த மாதப் பாடம் எழுதுவது என் முறை என்பதால் சீட்டு என் கைக்கு வந்தது. சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சகோதரி கடைசிவரை காத்திருக்க வேண்டாம். அது விரயம் இல்லை. வீட்டுக்குள் வைத்துப் பழக்கிவிட்ட உயிருக்குத் தீனி கொடுப்பது நம் பொறுப்பில் உள்ள செலவு. மறுமையில் கேள்வி வரும் என்றால், கொடுத்ததற்காக வராது, கொடுக்காமல் விட்டதற்காகத்தான் வரும்.

இதை ஹழ்ரத்மார்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நான் எழுத ஒப்புக்கொண்டதற்குக் காரணம், இதே கேள்வியில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன்.

தமாமில் 11 வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். கம்பெனிக்கு வேலை குறைந்தது. ஒருநாள் காலையில் கூப்பிட்டு ஃபைனல் எக்ஸிட் என்றார்கள். கணக்கு முடித்துக் கொடுத்த காசில் பாதி, தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்குப் போய்விட்டது. ஊருக்கு வந்து 7 மாதம் சும்மா இருந்தேன்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை, லீவில் வந்த மாதிரிதான் இருந்தது. பெட்டியில் கொண்டுவந்த சோப்பும் பால் பவுடரும் தீர்ந்த பிறகுதான் உறைக்க ஆரம்பித்தது. பள்ளிவாசலில் தொழுது முடித்துத் திரும்பினால், பக்கத்தில் இருப்பவர் முஸாஃபஹா செய்துவிட்டு, "எப்பப் பயணம்?" என்பார். நம் ஊரில் அது நலம் விசாரிப்பதுதான், கேட்பவர் மனதில் ஒன்றும் கிடையாது. ஆனால் மூன்றாவது மாதம் அந்தக் கேள்விக்குப் பயந்து தெருப் பள்ளியை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பள்ளிக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே வருகிறவர்கள் வெளியூர்க்காரர்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பிறகு அதுவும் குறைந்தது. பஜ்ர் வீட்டிலேயே, அதுவும் விடிகிற கடைசி நேரத்தில். நேரத்துக்கு எழுந்திருக்க ஒரு காரணமும் இல்லாமல் போய்விட்டது. வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த சகோதரர்கள் பலருக்கு நான் சொல்வது புரியும்.

எங்கள் வீட்டில் பஞ்சு என்று ஒரு பூனை. நான் தமாமில் இருந்தபோது, மச்சினன் அபுதாபியிலிருந்து லீவில் வந்து என் மகளுக்கு வாங்கிக்கொடுத்த பெர்ஷியன் பூனை. நீண்ட முடி, சப்பை மூக்கு. அதற்கென்று பாக்கெட் தீனி, ஷாம்பு, மணல். மாதம் 1,500 ரூபாய் போல ஆகும். பணம் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் அது ஒரு செலவாகவே தெரியவில்லை. நான்காவது மாதம் என் வீட்டில், கேஸ், கரண்டு பில், பால், மகளின் வேன் காசு என்று சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் மெதுவாக, "பஞ்சுக்குத் தீனியும் முடிஞ்சிருச்சு மச்சான்" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

விற்றுவிடலாம் என்று திருநெல்வேலியில் பூனை வாங்கி விற்கிற ஒருவருக்கு போன் செய்தேன். வயதைக் கேட்டார். ஆறு முடிந்துவிட்டது என்றேன். "அதுக்கெல்லாம் ஆள் வராது பாய்" என்று வைத்துவிட்டார்.

மகளின் பள்ளியிலிருந்து ஃபீஸ் கேட்டுச் சீட்டு வந்த அன்றைக்கு வீட்டில் பெரிய சத்தம். எல்லாம் அடங்கி மகள் தூங்கிய பிறகு, பூனையை அரிசிச் சாக்கில் போட்டு வண்டியில் வைத்துக்கொண்டு கடற்கரை மீன் ஏலக்கூடத்துக்குப் போனேன். சாக்கின் வாயை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். மீன் கிடக்கிற இடம், பிழைத்துக்கொள்ளும், ரிஸ்கு கொடுப்பவன் அல்லாஹ் என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல வார்த்தைதான். அன்றைக்கு எதற்காக அதைச் சொன்னேன் என்பது எனக்கும் என் ரப்புக்கும் தெரியும்.

உம்மா தஸ்பீஹ் மணியோடு விழித்திருந்தார். "எங்க வாப்பா போயிட்டு வர்றே?" என்று கேட்டார். சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "சாக்கை விட்டு வெளியே வந்துச்சா?"

நான் பார்க்கவில்லை.

மறுபடி போனேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பஞ்சு வைத்த இடத்தில், சாக்கின் வாயிலேயே உட்கார்ந்திருந்தது. பத்தடி தூரத்தில் மீன் குடல் கிடந்தது. அதைச் சுற்றி நான்கைந்து தெருநாய்கள்.

நாம் அதிகம் கேட்டிருக்கிற ஒரு ஹதீஸை இந்த இடத்தில் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு பெண் ஒரு பூனையின் காரணமாகத் தண்டிக்கப்பட்டாள் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி, இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியாகவும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாகவும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. மதரஸாவில் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அவள் பூனையைப் பட்டினி போட்டாள் என்று சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். ஹதீஸ் அதைவிடத் துல்லியமானது. அவள் அதை அடைத்து வைத்தாள். அடைத்து வைத்தபோது உணவும் தண்ணீரும் கொடுக்கவில்லை. பூமியில் ஊர்கிற பூச்சிபுழுக்களைத் தானே பிடித்துத் தின்னும்படி விட்டுவிடவும் இல்லை. அங்கே அவளுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, தீனி கொடுப்பது. இல்லை என்றால், தானே தேடித் தின்ன விடுவது. இரண்டையும் மூடினாள், அதுதான் குற்றம்.

நான் இரண்டாவது வழியை எடுத்துக்கொண்டதாக நினைத்தேன். சாக்கின் வாயைத் திறந்துதானே வைத்தேன்? ஆனால் அந்த ஹதீஸில் சொல்லப்பட்ட விடுதலை, பூமியில் தன் இரையைத் தேடத் தெரிந்த பூனைக்கு உள்ள விடுதலை. ஆறு வருடம் தட்டில் தின்று, பாத்ரூம் ஓரத்து மணலில் போய், எலியைக் கண்டால் பயந்து ஓடுகிற பூனையை நாய்களுக்கு நடுவே வைத்துவிட்டு வருவதை விட்டுவிடுவது என்று சொல்ல முடியுமா? வீட்டுக்குள் வைத்து அதன் வேட்டையை மறக்கடித்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு கதவைத் திறந்துவிட்டதாகச் சொல்வதில் அர்த்தம் இல்லை. தெருவில் பிறந்து, நம் வாசலில் ஒரு வேளை தின்றுவிட்டுப் போகிற பூனையின் சட்டம் வேறு. அதற்குப் போட முடியாத நாளில் அது அடுத்த வாசலுக்குப் போய்விடும். அதில் நம் மீது குற்றம் இல்லை, போட முடிந்த நாளில் நன்மை உண்டு.

ஃபிக்ஹு நூல்களில் இது வெறும் இரக்கத்தைப் பற்றிய பேச்சாக இல்லை. நஃபகா, அதாவது மனைவி மக்களுக்கும் பெற்றோருக்கும் செலவு செய்யும் கடமையைப் பேசும் பாடத்திலேயே கால்நடைகளின் தீனியும் வருகிறது. நம் கடற்கரை ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வரும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில், அந்தப் பாடத்தின் கடைசியில் பார்க்கலாம். தன் பிராணிகளுக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது உரிமையாளர் மீது கடமை. மறுத்தால், உண்ணத்தக்க பிராணியாக இருந்தால் விற்க, தீனி கொடுக்க, அல்லது அறுக்க அவர் நிர்ப்பந்திக்கப்படுவார். உண்ணத்தகாததாக இருந்தால் விற்க வேண்டும், அல்லது தீனி கொடுக்க வேண்டும். கன்றுக்குத் தீங்கு வரும் அளவுக்குப் பால் கறக்கக் கூடாது என்பதும் அதே இடத்தில்தான். ஹனஃபீ மத்ஹபிலும் இது அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலான கடமைதான். அதிகாரி தலையிட்டு நிர்ப்பந்திக்கலாமா என்பதில்தான் இமாம்களிடையே கருத்து வேறுபாடு, இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் நிர்ப்பந்திக்கலாம் என்ற பக்கம்.

ஹிஜ்ரி 660-ல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் பிராணிகளுக்கு மனிதர்கள் மீதுள்ள உரிமைகளை எண்ணிச் சொன்னவர். வயதாகியோ நோயுற்றோ இனி எந்தப் பயனும் இல்லை என்ற நிலைக்கு வந்த பிராணிக்கும் செலவு செய்ய வேண்டும் என்பதை அந்த வரிசையில் முதலில் வைத்தார். இதை ஹழ்ரத் ஒருவர் எனக்கு வாசித்துக் காட்டியபோது, திருநெல்வேலிக்கு நான் செய்த போன் நினைவுக்கு வந்தது.

விற்பது பற்றியும் ஒரு வார்த்தை, பலர் கேட்கிறார்கள். பூனையின் விலையைத் தடுத்து ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அதை வைத்து விற்கவே கூடாது என்றவர்கள் உண்டு. பயனில்லாத பூனையைப் பற்றியது, அல்லது விற்காமல் சும்மா கொடுப்பதே சிறந்தது என்ற கருத்தில் வந்தது என்று விளங்கி, விற்பனையை அனுமதித்தவர்கள்தான் பெரும்பாலோர். நல்ல கையில் போய்ச் சேரும் என்றால் இலவசமாகக் கொடுத்துவிடுவது இரு தரப்புக்கும் பிரச்சினை இல்லாத வழி. ஆனால் யார் கை என்று பார்த்துக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு ஹதீஸ், வீட்டுப் பெண்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது. அபூகதாதா (ரலி) அவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மகனின் மனைவியான கப்ஷா (ரலி) அவர்கள் உளூவுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கிறார்கள். ஒரு பூனை வந்து அதில் குடிக்கப் பார்க்கிறது. அபூகதாதா (ரலி) பாத்திரத்தை அதற்கு வாகாகச் சாய்த்துப் பிடித்து, அது குடித்து முடிக்கும்வரை இருக்கிறார்கள். மருமகள் வியப்போடு பார்ப்பதைக் கண்டு, அது அசுத்தமானது இல்லை, உங்களைச் சுற்றி வந்துகொண்டிருப்பவர்களில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எடுத்துச் சொல்கிறார்கள். அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் உள்ளது. சுற்றி வருபவர்கள் என்பதற்கு அங்கே வந்திருக்கும் சொல் தவ்வாஃபீன். நூர் அத்தியாயத்தின் 58-வது வசனத்தில் இதே வேர்ச்சொல், வீட்டுக்குள் தடையில்லாமல் உங்களிடம் வந்து போகிற பணியாட்களையும் பிள்ளைகளையும் பற்றி வருகிறது. எதிலும் வாயை வைத்துவிடும், காலைச் சுற்றும், துரத்தினாலும் வரும். வீட்டில் ஒரு பூனை என்ன இடத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

அதற்காக, நான் முன்பு செலவழித்த 1,500 ரூபாய் முழுவதும் கடமை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடமை, அது பசியாமல் இருப்பது. ஷாம்பு கடமை இல்லை. வாசனை மணல் கடமை இல்லை. படம் போட்ட பாக்கெட் கடமை இல்லை. இஸ்ராஃப் என்ற சொல் பொருந்துகிற இடம் அங்கேதான், அதுவும் கடன் இருக்கிற வீட்டில் நிச்சயமாகப் பொருந்தும்.

அன்றைக்குப் பிறகு நாங்கள் செய்தது இதுதான். அதிகாலையில் நான் ஏலக்கூடத்துக்குப் போவேன். வெட்டிக் கொடுக்கும் பெண்களிடம் மீன் தலையும் கழிவுச் சதையும் கேட்டு வாங்குவேன். முதல் இரண்டு நாள் வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் அவர்களே ஒரு பையில் ஒதுக்கி வைத்திருந்தார்கள், காசு வாங்கவில்லை. உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, முள்ளை எடுத்துவிட்டு, ரேஷன் அரிசிச் சோற்றில் பிசைந்து வைப்பது. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு ஆகாது, குழம்புச் சோற்றைப் போட வேண்டாம். வெந்த முள் தொண்டையிலும் குடலிலும் குத்தும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. பிள்ளைக்கு வாங்குகிற பாலில் அதற்குப் பங்கு வைக்காமல் இருப்பதுதான் அதற்கும் நல்லது. பஞ்சு முதல் நான்கு நாள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. ஐந்தாம் நாள் தின்றது. முடிச் சிக்கலை என் வீட்டில் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டார்கள், பார்க்கச் சகிக்காது. மணலுக்குப் பதில் தச்சுப் பட்டறை மரத்தூள். மாதச் செலவு 200 ரூபாய்க்குள் வந்துவிட்டது.

அந்த நடையினால் எனக்கு பஜ்ர் ஜமாஅத் திரும்பக் கிடைத்தது. ஏலம் ஆரம்பிப்பதற்குள் போக வேண்டும் என்றால் பாங்குக்கு எழுந்திருக்க வேண்டும், வழியில் இருப்பது எங்கள் தெருப் பள்ளி. "எப்பப் பயணம்?" என்ற கேள்வியும் திரும்பி வந்தது. "இப்ப மீன் மார்க்கெட்டுக்குப் பயணம்" என்று சொல்லப் பழகிவிட்டேன்.

வீட்டில் சிலர், பூனையின் பரக்கத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது என்கிறார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். வேலை கிடைத்தது தூத்துக்குடியில் ஒரு இரும்புக் கடையில், தமாமில் கூட இருந்த ஒரு நண்பர் மூலமாக. பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. பூனைக்குச் சோறு போட்டால் விசா வரும் என்று குர்ஆனிலோ ஹதீஸிலோ வாக்குறுதி கிடையாது. அப்படி நினைத்துப் போடுகிறவர், வேலை வராத மாதத்தில் தட்டைத் தூக்கி வைத்துவிடுவார். ஈரமுள்ள ஈரலைச் சுமந்த ஒவ்வோர் உயிரிலும் நற்கூலி இருக்கிறது என்பதுதான் நமக்குச் சொல்லப்பட்டது. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் தண்ணீர் மொண்டு வந்த மனிதரைப் பற்றிய ஹதீஸின் முடிவில் அது வருகிறது. அந்தக் கூலி எப்போது, எப்படி என்பது நம் கணக்கில் இல்லை.

ரிஸ்கைப் பற்றிப் பேசும்போது நாம் பறவை ஹதீஸைச் சொல்கிறோம். உமர் (ரலி) அவர்கள் அறிவிப்பது, திர்மிதீயில் உள்ளது. அல்லாஹ்வின் மீது வைக்க வேண்டிய முறையில் தவக்குல் வைத்தால், காலையில் ஒட்டிய வயிற்றோடு போய் மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்பும் பறவைகளுக்குக் கொடுப்பதைப் போல உங்களுக்கும் கொடுப்பான் என்ற கருத்து. உலமாக்கள் இதில் எப்போதும் சுட்டிக்காட்டுவது, பறவை கூட்டில் உட்கார்ந்திருக்கவில்லை என்பதை. நானும் அதை நிறையக் கேட்டிருக்கிறேன், வேலை இல்லாதவனுக்கு எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் நாள் முழுவதும் பறந்தும் கிடைக்காத மாதங்கள் மனிதனுக்கு வருகின்றன. அந்த மாதத்தில் அவனைப் பார்த்து, நீ கூட்டில் உட்கார்ந்திருக்கிறாய் என்று சொல்வது அநியாயம். ஹூத் அத்தியாயத்தின் 6-வது வசனம் பூமியில் உள்ள எந்த உயிருக்கும் ரிஸ்கு அல்லாஹ்வின் பொறுப்பு என்கிறது. அந்த ரிஸ்கு சில நேரம் இன்னொருவர் கை வழியாகத்தான் வருகிறது. பூனைக்கு எங்கள் கை வழியாக வந்தது. எங்களுக்கு மீன் வெட்டும் பெண்களின் கை வழியாக வந்தது, அவர்கள் கலிமா சொன்னவர்களும் இல்லை.

கை என்றதும் நம் கையைப் பற்றியும் எழுதியாக வேண்டும். ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கம்தான். வேலை போவதற்குச் சில வருடங்களுக்கு முன், லீவில் வந்த ஒரு ரமலானில், உதவிப் பொருள் கொடுப்பதற்காக வீடு வீடாகக் கணக்கெடுக்கும் குழுவோடு நானும் போனேன். ஒரு வீட்டில் அடர்ந்த முடியுள்ள வெள்ளைப் பூனை ஒன்று திண்ணையில் படுத்திருந்தது. வீட்டுக்காரர் வேலை இழந்து ஆறு மாதம் என்றார்கள். படிவத்தில் குறிப்பு எழுதும் இடத்தில், "விலை உயர்ந்த பூனை வளர்க்கிறார்கள்" என்று நான் எழுதினேன். அந்த வீடு பட்டியலில் கீழே போனது. அந்தப் பூனை எப்போது, எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. அது என்ன தின்கிறது என்றும் கேட்கவில்லை. பிறகு என் வீட்டுத் திண்ணையில் பஞ்சு படுத்திருக்க, நான் கைலியோடு உள்ளே உட்கார்ந்திருந்த மாதங்களில், யாராவது படிவத்தோடு வந்தால் என்ன எழுதுவார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அதனாலேயே பைத்துல்மாலில் கேட்காமல் இருந்தேன். என் உம்மாவின் மருந்துக்கு வழியில்லாதபோதும் கேட்கவில்லை.

ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரை தவ்பா அத்தியாயத்தின் 60-வது வசனம் சொல்கிறது. ஏழை, தேவையுடையோர், கடனாளி எல்லோரும் அதில் உண்டு. ஒருவரின் வருமானம் அவருடைய தேவைக்குப் போதவில்லையா என்பதுதான் அங்கே பார்க்க வேண்டியது. நல்ல காலத்தில் வாங்கிய ஃபிரிட்ஜும், அன்பளிப்பாக வந்த பூனையும் இன்றைய வருமானம் ஆகாது. ஷாஃபிஈ நூல்களின் விரிவுரைகளில் ஒரு படி மேலே போய், பிராணியின் உரிமையாளருக்கு வேறு வழியே இல்லாமல் போனால் அதன் தீனியை பைத்துல்மால் பார்க்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறார்கள். பூனை இருப்பதால் மனிதருக்கே உதவியை நிறுத்தியவன் நான்.

பிள்ளைகள் பற்றிக் கொஞ்சம். அந்த இரவு நடந்தது என் மகளுக்கு நீண்ட நாள் தெரியாது. தீனி மாறியதும், முடி வெட்டியதும், மரத்தூளும் ஏன் என்று கேட்டபோது, வாப்பாவுக்கு இப்போது வேலை இல்லை, எல்லோரும் குறைத்துக்கொள்கிறோம், பஞ்சுவும் குறைத்துக்கொள்கிறது என்று சொன்னேன். அதற்கு முன் மூன்று மாதம் அவளிடம் லீவு என்றே சொல்லி வைத்திருந்தோம். அவள் முன்பே கண்டுபிடித்திருந்தாள். பிள்ளைகளின் பிராணியை அற்பமாக நினைக்காதீர்கள். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர் விளையாடிக்கொண்டிருந்த சின்னப் பறவை இறந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தச் சிறுவனிடம் அதைப் பற்றி விசாரித்துப் பேசியது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகி இருக்கிறது. அவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமந்தவருக்கு அதற்கும் நேரம் இருந்தது.

பூனை தவிர மற்றவை பற்றியும் கேள்விகள் வருகின்றன. நாயை வீட்டுக்குள் செல்லமாக வளர்ப்பது பற்றிய சட்டம் வேறு. வேட்டைக்கும் கால்நடைக்கும் விளைநிலத்துக்கும் காவலாக உள்ளதற்குத்தான் ஹதீஸில் விலக்கு இருக்கிறது. ஆனால் தெருநாய்க்குத் தண்ணீர் வைக்க யாரும் தயங்க வேண்டாம். கூண்டில் பச்சைக்கிளி வைத்திருக்கும் வீடுகள் நம் தெருவில் பல உண்டு. நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதைக் கேட்டதும் கூண்டைத் திறந்துவிட வேண்டாம், பறக்க மறந்த கிளிக்கு அது என் சாக்கு மாதிரிதான். வனத்துறையிடம் ஒப்படையுங்கள். பூனையோ நாயோ கடித்தாலும் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசம். வீட்டுப் பூனைக்கும் வருடம் ஒருமுறை அந்தத் தடுப்பூசி போட வேண்டும், அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

சீட்டு எழுதிய சகோதரிக்கு: உங்கள் வீட்டுச் சோற்றில் ஒரு பிடியைப் பூனைக்கு வைப்பதை நிறுத்த வேண்டாம். அந்த ஒரு பிடியும் பிள்ளையின் பங்கிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது என்ற அளவுக்கு நிலைமை இருந்தால், அதைப் பூனைப் பிரச்சினையாக வைத்துக்கொண்டிருக்காமல் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். பெயரை வெளியே சொல்ல மாட்டோம், அலுவலகத்தில் பெண்கள் பொறுப்பாளரிடம் மட்டும் சொன்னால் போதும். பூனையை வைத்துக்கொள்ளவே முடியாது என்றால், அதையும் அவரிடமே சொல்லுங்கள், நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்போம். உங்கள் வீட்டுக்காரரிடம், பஜ்ருக்குப் பிறகு ஏலக்கூடம் பக்கம் நான் வருவேன் என்று சொல்லுங்கள். பஞ்சு இன்னும் இருக்கிறது, அதனால் நானும் தினமும் வருகிறேன். நான் அவரிடம் எந்தக் கேள்வியும் கேட்க மாட்டேன்.

எங்கள் படிவத்தில் குறிப்பு எழுதும் அந்த இடத்தை இந்த வருடம் எடுத்துவிட்டோம்.